ஆறாவது படியில் இருந்த துளை

என் மாமாவை அமைச்சகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூச்சாண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பூச்சு வேலைக்காரர், தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்பு வெள்ளையோடு எந்தத் தாழ்வார முனையிலிருந்தும் திடீரென்று வந்து நிற்பார். வேறு என்ன பெயர் வைப்பது? கோப்பு எடுத்துப் போகும் பெண்கள் பயந்த மாதிரி நடிப்பார்கள். அவரும் கையிலிருக்கும் பூச்சுக் கரண்டியை ஓங்கிக் காட்டுவார். முப்பத்தோரு வருடம் இந்த விளையாட்டு யாருக்கும் சலிக்கவில்லை.

அது நில அமைச்சகத்தின் பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததும் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கூடம். தரையில் விரல் நக அளவுக் கற்களைப் பதித்து ஆறும் வயலுமாக ஒரு படம். வலப்பக்கச் சுவர் முழுக்க அறுவடை செய்யும் ஆட்களின் ஓவியம். கூரையில் சுண்ணாம்பில் வார்த்த பூக்கள் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் பத்தொன்பது என் மாமா செய்தவை. எந்தப் பத்தொன்பது என்று கேட்டால் அண்ணாந்து பார்த்துவிட்டு அவரே முழிப்பார். அதுதான் அவருடைய பெருமை. ஒட்டுப்போட்ட இடம் ஒட்டுப்போட்டவனுக்கே தெரியக் கூடாது என்பார். அதற்காகச் சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் மூன்று மாதம் ஊறவைப்பார். மணலை நான்கு சல்லடையில் சலிப்பார். பழைய சுவரின் நிறம் வரவில்லையென்றால் காய்ச்சிய தேயிலைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலப்பார்.

அங்கே ஒரு பதிவேடு உண்டு. வருடத்தின் முதல் மாதத்தில் ஓவியம், தரைப்படம், பித்தளைக் கதவு, கூரைப்பூ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணுக்கு நேரே ‘இருந்த மாதிரியே உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சுவரும் கூரையும் மாமாவின் பொறுப்பு. அதில் நாற்பத்தேழாம் எண், மாடிப்படிச் சுவரில் இருந்த ஒரு துளை.

துப்பாக்கிக் குண்டு போன துளை அது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், வீட்டுமனை கேட்டு மனு கொடுக்க வந்த நாற்பது பேர், அதிகாரிகள் பார்க்க மறுத்ததால் அந்தப் படிகளில் உட்கார்ந்தார்கள். மாலைக்குள் காவலர்கள் சுட்டார்கள். ஒருவன் செத்தான். இருபத்திரண்டு வயது. கூட்டம் படியேறிப் பாய்ந்தது, அதனால் சுட்டோம் என்றது அன்றைய அரசு. பிறகு வந்த அரசு எதுவும் சொல்லாமல் துளையின் மேல் பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை மாட்டி, கீழே ‘இங்கு நிகழ்ந்த துயரத்தின் நினைவாக’ என்று எழுதிவைத்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டுக் கூடத்தில் தரையில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மூச்சு விடும்போது ஈர மணலில் மண்வெட்டி இழுக்கும் சத்தம் வரும். சுண்ணாம்புத் தூசி நெஞ்சுக்குள்ளேயும் ஒரு பூச்சு பூசிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாராம். “அங்கயும் நம்ம வேலை சுத்தம்” என்றார் மாமா. அத்தை சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் கதவைத் திறந்தபோது வெளியே நின்ற அம்மாளுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மாலை மாதிரி அளவு டேப் தொங்கியது. எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார்.

“பூச்சாண்டின்னு ஒருத்தர் இங்க... தப்பா எடுத்துக்காதம்மா. அமைச்சக வாசல்ல நிக்கற காவலாளி அப்படித்தான் சொன்னார்.”

“அந்தப் பேர் தெரிஞ்சா ஆபீஸ் ஆளுதான். உள்ள வரச் சொல்லு” என்று மாமா குரல் கொடுத்தார்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. “நான் தையல்காரி. ஆபீஸ் ஆளு இல்ல. அந்தப் படியில செத்துப்போன பையனோட அக்கா.”

மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

தையல்காரம்மா பையிலிருந்து வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு கையேட்டை எடுத்தார். அமைச்சகத்தின் கலைச்செல்வங்களைப் பார்க்க வருகிறவர்களுக்காக இந்த வருடம் புதிதாகப் போட்டது. ஒரு பக்கத்தைப் பிரித்து, தைக்கும்போது கண்ணைச் சுருக்குவது போலச் சுருக்கிக்கொண்டு படித்தார்: “மார்பளவு உயரத்தில் காணப்படும் இத்துளை, கூட்டம் நின்றபடி முன்னேறிக்கொண்டிருந்தது என்ற அன்றைய அறிக்கையை உறுதி செய்கிறது.”

“கண்ணாடி மாட்டின வருஷம் போய்ப் பார்த்தேன். குனிஞ்சு, முட்டிபோட்டுப் பார்த்தேன். அப்புறம் வெளியூர்லயே இருந்துட்டேன். போன வாரம் போனா குனியவே வேண்டியதில்ல. நெஞ்சுக்கு நேரா இருக்கு. கேட்டா, வயசாச்சுல்ல, ஞாபகம் பிசகியிருக்கும்ங்கறாங்க.” டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். “என் தம்பிக்கு அடி கழுத்துல. நான்தான் அவனுக்குச் சட்டை தைப்பேன். நின்னா கழுத்து ஐம்பத்தேழு அங்குலம். உட்கார்ந்தா இருபத்தஞ்சு. அங்க இருக்கற ஓட்டை ஐம்பத்தொண்ணு. அது எவன் கழுத்து? அந்த அளவுல ஆளே கிடையாது. நீங்க அங்க முப்பது வருஷம் சுவர் வேலை பார்த்தீங்களாம். ஒரே கேள்விதான். அந்தச் சுவரை யாராவது தொட்டாங்களா?”

சமையலறையிலிருந்து அத்தை வேகமாக வந்தார். “அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு. மூச்சுகூட ஒழுங்கா விட முடியல.”

“நீ சும்மா இரு” என்றார் மாமா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் தொட்டேன்” என்றார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அமைச்சகக் கூடத்துக்குப் புதுவர்ணம் அடித்தார்கள். அமைச்சர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. படிச்சுவரைப் பூசிச் சரிசெய்யும் வேலை மாமாவுக்கு. அவருக்கென்று ஒரு முறை உண்டு. இடது கையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிப்பார். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளமும் கறுப்பாக நிழல் காட்டும். நிழல் தெரிந்த இடத்தில் வலது கை போய்ப் பூசிவிடும். சுவரை அவர் பார்க்க மாட்டார், நிழலைத்தான் பார்ப்பார். அன்று மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். முழங்கால் வலித்ததால் ஆறாவது படியில் உட்கார்ந்துகொண்டார். கழுத்துக்கு நேரே ஒரு நிழல், விரல் போகும் ஆழத்தில். அடைத்தார், தேய்த்தார், அடுத்த படிக்கு இறங்கினார்.

மறுநாள் காலையில் பித்தளை மெருகு போடுகிறவர், கழற்றிப் போயிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பளபளவென்று தூக்கிக்கொண்டு வந்து, “எங்க மாட்டணும் பூச்சாண்டி?” என்று கேட்டார்.

“அப்பதான் தெரிஞ்சுது” என்றார் மாமா. “டார்ச் அடிச்சுப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். இடம் தெரியல. சட்டத்தோட ஆணித் துளையைக்கூட விடாம அடைச்சிருந்தேன்.”

வேலையை மேற்பார்த்த இன்ஜினியரிடம் ஓடினார். இன்ஜினியர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டார். உட்கார்ந்துதான் அடைத்தேன், உட்கார்ந்தால் கழுத்துக்கு நேரே என்றார் மாமா. இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். “அமைச்சர் அவ்வளவு குனியணுமாய்யா? நிக்கறவங்களுக்குத் தெரியற மாதிரி வை. யாரு அளந்து பார்க்கப் போறா?” அலுவலகத்தில் இருந்த ஒரே புகைப்படத்தில் துளையும் பக்கத்தில் அளவுக்காக வைத்த ஒரு நாணயமும் மட்டுமே இருந்தன. படியோ தரையோ தெரியவில்லை.

“உளியால குடைஞ்சேன். ஓரத்தைச் சிதறவிட்டேன். விளக்குக் கரியை எடுத்து உள்ள தேய்ச்சேன். போட்டோவைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு.” அவர் குரல் இன்னும் இறங்கியது. “அம்மா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. செய்யும்போது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நல்லா வந்துடுச்சேன்னு.”

தையல்காரம்மா டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“உட்கார்ந்திருந்தாங்கன்னா அது கொலை. பாய்ஞ்சாங்கன்னா தற்காப்பு. நடுவுல சாட்சி சொல்லிட்டு இருக்கறது உங்க ஓட்டைதான். வந்து சொல்லுவீங்களா?”

“வர்றேன்.”

தையல்காரம்மா போன பிறகு அத்தை பாத்திரங்களோடு சண்டை போட்டார். “இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல போய் நிக்கணுமா? அந்த இன்ஜினியர் போய்ச் சேர்ந்துட்டான். மாட்டப்போறது நீங்க ஒருத்தர்தான்.” மாமா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஓய்வு பெற்ற அன்று கொடுத்த பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. தொன்மையை இருந்த மாதிரியே காத்தவர் என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது.

மாமாவும் தையல்காரம்மாவும் நானும் போய்ப் பார்த்த, அமைச்சகக் கலைப்பொருள் பிரிவின் அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாக மூன்று நாற்காலி போடச் சொன்னார். மாமா சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. இடையில் இருமல் வந்தபோது தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். பிறகு அந்தப் பதிவேட்டை வரவழைத்து நாற்பத்தேழாம் எண்ணைப் பிரித்தார்.

“இந்தக் கையெழுத்து யாருதுங்க?”

“என்னுது.”

“ஆறு வருஷம், ஆறு கையெழுத்து. ஆறு தடவையும் இருந்த மாதிரியே உள்ளதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

மாமா அந்தப் பக்கத்தையே பார்த்தார். அழகான கையெழுத்து, படித்தவர்கள் போடுவதைவிட நிதானமாகப் போடுவார். “ரெண்டையும் சொன்னது நான்தான் சார்” என்றார்.

“சரி, அடைச்ச இடத்தைக் காட்டுங்க. பார்க்கலாம்.”

எல்லோரும் படிக்குப் போனோம். மாமா ஆறாவது படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் சுவரைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். காவலாளியிடம் டார்ச் வாங்கிச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். ஒரு நிழலும் விழவில்லை. விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். டிரில் மெஷின் பக்கத்திலேயே இத்தனை வருடம் இருந்து மந்தமாகிப்போன காது அது. மேலே மாடத்தில் யாரோ சிரித்தார்கள். சுவர் மழமழவென்று, ஒரு குறையுமில்லாமல், அவரை உள்ளே விடாமல் நின்றது.

“ஒரு சாண் அகலத்துக்கு மேல்பூச்சைச் சுரண்டிக்கறேன் சார். உள்ள இருக்கும். கண்டிப்பா இருக்கும்.”

“ஐயா, இது பாதுகாக்கப்பட்ட சுவர். இதுல ஒரு ஆணி அடிக்க எனக்கே மூணு கையெழுத்து வேணும்.”

“மார்பு உயரத்துல நான் ஓட்டையே போட்டிருக்கேனே!”

“பதிவேட்டுல அப்படி இல்லையே” என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் தையல்காரம்மா மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “கொஞ்சம் மட்டமான வேலைக்காரரா இருந்திருக்கலாம் நீங்க.” அவ்வளவுதான். வந்து நின்ற பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த புதன்கிழமை மாமா காலையிலேயே குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். புதன்கிழமைதான் பொதுமக்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கும் நாள். மூச்சு மருந்தை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவர் வரிசையில் நின்று உள்ளே போய், ஆறு படி ஏறி, உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார். வேறொன்றும் செய்யவில்லை.

கண்ணாடிச் சட்டம் அவர் தலைக்கு மேலே இருந்தது. வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு குனிந்து இவரைப் பார்ப்பார்கள். யாராவது கேட்டால் மட்டும் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். “அது நான் போட்டது. நிஜ ஓட்டை இங்க இருந்துச்சு. அவன் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.” சிலர் நகர்ந்து போனார்கள். சிலர் படம் எடுத்தார்கள். ஒரு ஆசிரியை மட்டும் அவரோடு அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

“என்ன பூச்சாண்டி, சாஞ்சுக்க உன் வீட்டுல சுவர் இல்லையா?” என்று காவலாளி கேட்டார். முதல் வாரம் சிரித்துக்கொண்டு கேட்டார். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. நான்காவது வாரம், “என் வேலைக்கு உலை வைக்காதேய்யா” என்று கெஞ்சினார். ஐந்தாவது வாரம் கையில் ஒரு தாளோடு காத்திருந்தார். தொன்மைச் சிறப்புள்ள படிகளுக்குச் சேதம் விளைவிக்கும் வகையில் நடந்துகொண்டதால் இனி அனுமதி இல்லை என்று அதில் இருந்தது. முப்பத்தோரு வருடம் அதே வாசலில் அவருக்கு வணக்கம் சொன்ன மனிதர், அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். விட்ட பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். இருமல் அடங்கும்வரை மாமா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்தே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தூக்கமும் அப்படியேதான். ஒரு நாள் என்னிடம், “ஏய் ஊர்சுத்தி, நீ போன ஊருங்கள்ல பழைய கட்டடம் எல்லாம் பார்த்தியா?” என்று கேட்டார். நிறைய பார்த்தேன் என்றேன். “சுவரையெல்லாம் நம்பினியா?” என்றார். அதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. பதினோரு வாரத்தில் போய்விட்டார். சாகும்போதும் உட்கார்ந்துதான் இருந்தார். அத்தை அந்தப் பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் செருகிவைத்தார்.

பத்து நாள் கழித்துத் தையல்காரம்மா வந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்குக் காவலாளி சொன்னார் என்றார். அத்தை அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். மாமா சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. தலை பட்டுப் பட்டு வட்டமாகக் கறுத்திருந்தது.

“உங்க மாமா என்ன உயரம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“அஞ்சரை அடிக்கு ஒரு அங்குலம் மேல.”

“அவனும் அவ்வளவுதான்.”

டேப்பை எடுத்து, ஒரு நுனியைத் தரையில் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கறையின் கீழ்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கழுத்து வரும் இடம் வரை இழுத்தார். அத்தையும் அருகில் வந்து குனிந்தார்.

“இருபத்தஞ்சு” என்று அத்தை வாசித்தார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். தையல்காரம்மா அவருடைய தோளில் கை வைக்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கேட்டார். அத்தை கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு புதனும் தையல்காரம்மா அமைச்சகத்துக்குப் போகிறார். எல்லோரையும் போல வரிசையில் நிற்கிறார். உட்காருவதில்லை, படிகளில் உட்காரக் கூடாது என்று இப்போது பலகையே வைத்திருக்கிறார்கள். ஆறாவது படி வந்ததும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிகிறார். துணியில் கோடு போடும் சாக்பீஸ் துண்டு உள்ளங்கையில் இருக்கும். படியிலிருந்து இருபத்தைந்து அங்குலத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நிமிர்கிறார். அவருக்கு அளக்க வேண்டியதில்லை. மாலைக்குள் துப்புரவுப் பெண் ஈரத்துணியால் அதை அழுத்தித் துடைத்துவிடுகிறார். அடுத்த புதன் மறுபடி குறி, மறுபடி துணி.

போன வாரம் நானும் கூடப் போனேன். துப்புரவுப் பெண் வாளியோடு கீழே காத்துக்கொண்டிருந்தார். குறி போடுவது யார் என்று அவருக்குத் தெரியும் போலிருந்தது. கோபமாகவும் இல்லை.

“ஏம்மா, வேற எங்கயாவது கிறுக்கித் தொலைக்கக் கூடாதா?” என்றார் தையல்காரம்மாவிடம். “ஒரே இடத்துல தேய்ச்சுத் தேய்ச்சு அங்க குழி விழ ஆரம்பிச்சுடுச்சு. எழுதிக் குடுத்திருக்கேன். திங்கக்கிழமை ஆள் வந்து பூசிடுவாங்க.”